ஏர் ஷாக்குக்குக் கைப்பம்பு வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், உட்லண்ட்ஸ்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் மனைவியுடன் ஈப்போ போய்வந்தேன். வண்டி பழைய ஹார்லி டூரிங் மோட்டார்சைக்கிள், பின்பக்கம் காற்று ஷாக், அதாவது காற்றடித்து இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அதிர்வுதாங்கி. தனியாக ஓட்டும்போது காற்றைக் குறைத்து வைத்திருப்பேன். பின்னால் ஆள் ஏறி, இரண்டு பெட்டிகளும் நிறைந்துவிட்டால் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஷாக் அடிதட்டும், பின்னால் இருப்பவரின் முதுகு தாங்காது.

விடியுமுன் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தையே வால்வில் மாட்டிவிட்டேன். கையேட்டில் காற்றழுத்தத்தின் உச்சவரம்பு 35 பிஎஸ்ஐ. நான் 30 என்றுதான் அமைத்தேன். ஆனால் அந்த இயந்திரம் கொஞ்சம் அடித்து, நின்று, அளந்து, மறுபடி அடிக்கும் வகை. கார் டயருக்கு அது சரி, உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறது. ஷாக்கின் காற்றறையோ கைக்குள் அடங்கும் அளவுதான். இயந்திரம் அளந்து பார்க்குமுன்பே முதல் வீச்சில் வரம்பு கடந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் மச்சாப் வருவதற்குள் பின்பக்கம் பலகை போல இறுகிவிட்டது. பாகோ ஓய்விடத்தில் குனிந்து பார்த்தபோது ஷாக்கின் கீழே எண்ணெய்க் கோடு. டயரின் ஓரம் வரை வந்திருந்தது. பின்னால் மனைவி உட்கார்ந்து வந்த வண்டி அது. அந்த ஓய்விடத்தில் எனக்குக் கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை. டயரைத் துடைத்துவிட்டு, மீதித் தூரத்தை மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்த பிறகு காக்கி புக்கிட்டில் வண்டியைப் பிரித்த மெக்கானிக், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற ரப்பர் வளையம் கிழிந்திருந்ததைக் கையில் கொடுத்தார். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது கைப்பம்பு வாங்கப் போகிறேன். கடையில் 300 பிஎஸ்ஐ வரை அடிக்கும் என்று ஒன்றைக் காட்டினார்கள். கூடுதல் என்பதால் நல்லதுதானா? வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸிலிருந்து

அண்ணா, அதை வாங்காதீர்கள். அந்தத் தவற்றை நான் செய்துவிட்டேன். அது மலைச் சைக்கிளின் ஷாக்குக்கு உரிய பம்பு. அந்த ஷாக்கில் 200 பிஎஸ்ஐக்கு மேல்கூட அடிப்பார்கள், அதற்கேற்ற மீட்டர். நமக்கு வேண்டியது 10 முதல் 35 வரை. 300 வரை போகும் வட்டத்தில் அது முள் படுத்திருக்கும் மூலை. 15க்கும் 20க்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. முழு அளவில் 2 விழுக்காடு பிழை என்று வைத்துக்கொண்டாலும் 6 பிஎஸ்ஐ ஆகிவிடுகிறது. அதே 2 விழுக்காடு 60 பிஎஸ்ஐ மீட்டரில் 1 சொச்சம்தான்.

ஆகவே முதலில் மீட்டரின் முகத்தைப் பாருங்கள். நம் அளவு வட்டத்தின் நடுவில் விழ வேண்டும். 60 வரை உள்ளதாக, ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கோடு போட்டதாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்து, காற்றை இறக்கும் சிறு பொத்தான். மெதுவாக அழுத்தினால் மெதுவாக இறங்க வேண்டும். ஹார்லி கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: காற்றை இறக்கும்போது ஈரத்தோடு எண்ணெயும் கலந்து வெளிவந்து பின்சக்கரத்திலும் பிரேக்கிலும் படலாம். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறக்குங்கள். பாகோவில் அந்தக் கோட்டைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

யீஷூனிலிருந்து

என் வண்டி 1980களின் ஜப்பானிய வண்டி. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் காற்று உண்டு, அதன் இரண்டு கால்களுக்கும் தனித்தனி வால்வு. எனக்குத் தேவை சுமார் 7 பிஎஸ்ஐ, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

பல நாள் ஒரு மர்மம் என்னை வாட்டியது. பம்பை மாட்டி 7 வைத்துக் கழற்றுவேன், மறுநாள் மாட்டினால் 5 காட்டும். கசிவு என்று நம்பி இரண்டு சீல்களையும் மாற்றினேன், அப்போதும் 5தான். உண்மையில் கசிவே இல்லை. காலியான குழாயை மாட்டும்போது ஃபோர்க்கின் காற்று குழாயை நிரப்பப் போகிறது, அளவு இறங்குகிறது. காற்றறை சிறியதாக இருப்பதால் அந்தச் சிறு இழப்பே பெரிதாகத் தெரிகிறது. டயர் கேஜை வைத்துப் பார்த்தாலும் இதே கதை, அளந்து பார்ப்பதே அளவைக் கெடுத்துவிடும். அதனால் நான் வெறுமனே சரிபார்ப்பதை விட்டுவிட்டேன். மாட்டினால் 7 வரை அடித்துவிட்டுத்தான் கழற்றுவேன்.

கழற்றும்போது காற்று போகாத வகை இணைப்பு உள்ள பம்பையே வாங்குங்கள். அதில் முதல் திருகு வால்வின் ஊசியை விடுவிக்கும், அடுத்த திருகுதான் பம்பை வால்விலிருந்து பிரிக்கும். கழற்றும்போது 'புஸ்' என்று வரும் சத்தம் குழாயில் தங்கிய காற்று, ஷாக்கின் காற்று அன்று. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு சீல்களின் விலை ஆனது.

இன்னொன்று. வெயிலில் ஓடிவந்த சூட்டோடு அளக்காதீர்கள். ஷாக் 20 பாகை கூடுதலாகச் சூடேறியிருந்தால், 20 பிஎஸ்ஐ வைத்த இடத்தில் 2க்கும் மேல் கூட்டிக் காட்டும். நான் காலையில், வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) வாகன நிறுத்துமிடத்தில் வண்டி இரவெல்லாம் நின்ற பிறகுதான் வைக்கிறேன்.

மீண்டும் உட்லண்ட்ஸ்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு ஐயம் மட்டும் மிச்சம்: மின்கலத்தில் ஓடும் சிறு பம்பு? குறித்த அளவில் தானே நின்றுவிடும் என்கிறார்கள்.

தெம்பனிஸிலிருந்து

டயருக்கு நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன், நல்ல பொருள். ஷாக்கில் மாட்ட மாட்டேன். கைப்பம்பில் ஒரு தள்ளலுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடுகிறது. முள்ளைப் பார்த்துக்கொண்டே அரைத் தள்ளலில் நிறுத்தலாம்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் வண்டியில் வால்வு இடது பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிய இடத்தில்தானே இருக்கிறது? குழாயின் தலை நீளமாக இருந்தால் உள்ளே நுழையாது. வளையும் குழாயும் குட்டையான தலையும் வேண்டும். சனிக்கிழமை காலை நான் உட்லண்ட்ஸ் பக்கம் வருகிறேன். என் பம்பைக் கொண்டுவருகிறேன், உங்கள் வால்வில் நுழைகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம், அண்ணா.