புட்டிக்குள் காலியாகும் இடத்துக்கு ஒரு சொல் (திங்கள் காலை அச்சு)

கோவை, கேட்டரிங் ஆசிரியை:
வணக்கமுங்க. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு, திறந்த வைனைக் கெடாமல் வைப்பது பற்றிப் பாடம் எழுதுகிறேன். ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறது. 750 மி.லி. புட்டியில் பாதியை ஊற்றிவிட்டால் மீதிக்கு மேலே சுமார் 375 மி.லி. காற்று. அதில் 79 மி.லி. போல ஆக்சிஜன். கெடுதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மீதியைச் சின்னப் புட்டிக்கு மாற்றுவது, பம்பு வைத்துக் காற்றை இழுப்பது, ஆர்கான் என்ற வாயுவை அடிப்பது எல்லாமே அந்த இடத்துக்கான வைத்தியம். ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். தமிழில் என்ன போடலாமுங்க?

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'தலைவெளி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மணி. அது தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். முதலில் 'வைன்' எதற்கு? 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' புறநானூற்று 56ஆம் பாட்டிலேயே இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் தண்ணீர் தெளியப் பானைக்குள் உரைக்கிறோமே தேற்றாங்கொட்டை, அதற்கும் இதே வேர்தான். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். அதற்கும் மேலே உள்ளது வெற்றிடம். சொல் கைவசம் இருக்கிறது.

பொள்ளாச்சி, ஊறுகாய் தயாரிப்பவர்:
ஐயா, வெற்றிடம் ஆகாதுங்க. பம்பு வைத்துக் காற்றை இழுத்தால் வருவதுதான் வெற்றிடம். காற்று நிறைந்த இடத்துக்கும் அதே பேரை வைத்தால் பிள்ளைகள் பரீட்சையில் தலைகீழாக எழுதிவிடுவார்கள். எங்கள் ஷெட்டில் 'மேல ஒரு விரக்கடை காலி விடுங்க' என்போம். ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் நிற்கணும் என்பதும் காற்றை மறிக்கத்தான். இத்தாலியில் வைன் குடுவைக்கும் அப்படி எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 'மேல்காலி' போதுமுங்க.

ஈரோடு:
பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அந்த வழியில் ஏதாவது சொல் கிடைக்காதா?

பொள்ளாச்சி:
அது நொதிப்பதை நிறுத்த. இங்கே பேச்சு காற்றைப் பற்றி. வேறு வேறுங்க.

காங்கேயம், விவசாயி:
வள்ளத்தில் தானியம் அளந்தால் தலை தட்டித்தான் அளக்கிறோம். பாத்திரத்தின் விளிம்புக்குத் தலை என்று பேர் வைத்தது நம் களத்துமேடு, ஆங்கிலம் இல்லை. தலைக்கு எவ்வளவு குறைகிறதோ அது 'தலைக்குறை'.

கோபி:
தலை நம்முடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைக்குறை இலக்கணத்தின் சொத்து. 'தாமரை' முதல் எழுத்துக் குறைந்து 'மரை' என்று வந்தால் அது தலைக்குறை. அதைப் புட்டிக்குத் தாரைவார்க்க மாட்டேன். குறைகுடம் போலக் 'குறைவெளி' என்று வையுங்கள். ஊற்ற ஊற்ற உள்ளே இருப்பது குறையும், வெளி வளரும். இரண்டையும் ஒரே சொல் காட்டுகிறது.

கோவை:
அழகான சொல்லுங்க ஐயா. ஆனால் திறக்காத புட்டியிலும் கார்க்குக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். சூட்டில் வைன் விரிந்தால் கார்க்கைத் தள்ளாமல் இருக்க அது வேண்டும். அங்கே ஒன்றும் குறையவில்லையே?

அவிநாசி:
அப்படியென்றால் தலைவெளியே சரி. வள்ளத்துத் தலையை நினைத்துக்கொண்டு படிக்கலாம். என் ஓட்டு அதற்கு.

பொள்ளாச்சி:
எனக்கும் சரி. இரவு 11 மணி ஆகிவிட்டது, இன்னும் ஜாடி கழுவணும்.

கோவை:
'தலைவெளி' என்றே போட்டுவிட்டேன். முதலில் வரும் இடத்தில் 'வைனுக்கு மேலே காலியாக நிற்கும் இடம்' என்று விளக்கமும் உண்டு. வைன் வைனாகவே இருக்கிறதுங்க ஐயா. நாளைக்கு ஓட்டலில் வேலைக்குப் போகும் பிள்ளையிடம் யாரும் தேறல் கேட்க மாட்டார்கள்.

கோபி:
யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் கேட்பதில்லை. பாடப்புத்தகமே அஞ்சினால் ஓட்டல் எப்படிச் சொல்லும்? தேறலை விட்டதிலும் தலைவெளியிலும் எனக்கு உடன்பாடு இல்லை. குறைவெளியை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்க வேண்டும்.

காங்கேயம்:
இன்னொன்று. பாடத்தில், ஆர்கான் காற்றைவிடக் கனம், வைன்மேல் படிந்து ஆக்சிஜனை அண்டவிடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படலத்துக்குப் 'போர்வை' என்று பேர் வைத்திருக்கிறீர்கள். ஈரம் காயாமல் இருக்க மண்ணுக்குமேல் ஓலையும் சருகும் போடுகிறோமே, 'மூடாக்கு', அது பொருந்தாதா? அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கம்மா.