ஹைட்ராலிக் கிராப் பக்கெட்: தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

வணக்கம். நிலக்கரிக் கப்பலில் சரக்கிறக்கும் கிரேன் ஓட்டுநர்களுக்கான பாதுகாப்புக் கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. கிரேனில் தொங்கி, தாடைகளைத் திறந்து மூடிச் சரக்கை அள்ளும் வாளிதான் கிராப்; அதற்கான தலைப்புச் சொல்லே இன்னும் அமையவில்லை. இப்போதைக்கு 'நீரியல் பற்றுவாளி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— ந.

> நீரியல் பற்றுவாளி

உள்ளே ஓடுவது எண்ணெய் ஐயா, நீரல்ல. மோட்டார், பம்பு, எண்ணெய்த் தொட்டி எல்லாம் கிராப்பின் தலையிலேயே இருக்கும். மேலிருந்து வருவது மின்கேபிள் மட்டும். பம்பு தள்ளும் எண்ணெய் சிலிண்டர் தண்டை நீட்ட, தாடைகள் மூடும். 160 மி.மீ. விட்டச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் ஏறினால் ஏறத்தாழ 40 டன் தள்ளும். கயிற்றுக் கிராப்புக்கு இது வாய்க்காது: மூடும் கயிற்றை இழுக்கும்போதே கிராப்பும் எழும்பப் பார்க்கும்; சொந்த எடைதான் அதைக் குவியலில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே 'பற்று' போதாது, 'கவ்வு' வேண்டும். எண்ணெயழுத்தக் கவ்வுவாளி.
— செ.

கவ்வு நன்று. வாளி எதற்கு? கம்பனில் வாளி அம்பு. 'கவ்வுகலம்' என்க. வினைத்தொகையாதலின் வலி மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்பாருண்டோ? இன்னொன்று. கொடுக்கால் கவ்வும் நண்டுக்கு ஐங்குறுநூற்றில் பெயர் கள்வன். 'கள்வன் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. இக்கருவியையும் கள்வன் என்றால் என்ன குறை?
— பு.

புலவரே, "கள்வன் கப்பலுக்குள் இறங்குகிறான்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் போலீஸ்தான் வரும். கிரேன்காரர் வாயில் அது கிராப். எண்ணெயழுத்தத்துக்கு 'பாய்மவிசை' என்றால் பாடநூலோடாவது ஒத்துப்போகும்.
— மீ.

பெயர் எதுவும் ஆகட்டும். வரைவில் 'கொள்ளளவு' என்றிருப்பது கன அளவா, எடையா? 10 கன மீட்டர் கிராப்பில் நிலக்கரி ஏறத்தாழ 8 டன். இரும்புத்தாதென்றால் 25 டன்னைத் தொடும். கிராப்பின் சொந்த எடை தனி.

அதைவிட மோசம், 'கசிவு' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தாடை உதடுகளுக்கு நடுவே ஒரு கட்டி சிக்கினால் விளிம்பு நெடுக இடைவெளி விழும், தூள் ஒழுகும். அதைச் 'சிந்தல்' என்போம். குவியலுக்கு மேலேயே திறந்து மறுபடி அள்ளினால் தீர்ந்தது. எண்ணெயை அடைத்து நிற்கும் சீல் வளையமோ வால்வோ தேய்ந்து எண்ணெய் நழுவினால், தொங்கிக்கொண்டிருக்கும்போதே தாடை மெல்லத் திறக்கும். கசிவு என்பது அது. கிராப்பை இறக்கி வைத்து வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் கீழே நிற்பவன் உயிர் போகும்.
— செ.

பிரித்துவிட்டேன், நன்றி. தலைப்பில் 'எண்ணெயழுத்தக் கவ்வுவாளி' ஒரே ஒரு முறை. உள்ளே எங்கும் 'கிராப்'. மூவர் சரி என்கிறார்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள்.
— ந.

என் மறுப்பைப் பதிந்துகொள்க: கவ்வுகலம். பழைய இரும்பு அள்ள ஐந்தாறு விரல் வைத்த வகை ஒன்று உண்டாமே, அதற்கு 'உகிர்க்கலம்' (உகிர் என்றால் நகம்). காரணம் நாளைத் தனிமடலில்.
— பு.