2045-க்காகக் காத்திருக்கும் தம்பியிடம் எப்படிப் பேசுவது?

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் துறையில் இருக்கும் என் தம்பி சில மாதங்களாக 2045-ஆம் ஆண்டைப் பற்றியே பேசுகிறான். அப்போது மனித அறிவும் இயந்திர அறிவும் ஒன்றாகிவிடும் என்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் எழுத்தாளருமான ரே கர்ஸ்வைலின் கணிப்பு. கணிப்பாக மட்டும் இருந்தவரை எனக்குக் கவலையில்லை. இன்று அது அவனுக்கு வேதமாகிவிட்டது. அப்பாவின் மருத்துவச் செலவுக்குக் கேட்டால், இனிப் பிறக்கப்போகும் கோடானுகோடிப் பேரின் நலனே பெரிது என்கிறான். இது என்னை உலுக்கிவிட்டது.

கூகுளில் தானோட்டிக் கார்களில் பணியாற்றிய ஆண்டனி லெவண்டோவ்ஸ்கி, செயற்கை நுண்ணறிவை வழிபட 2015-இல் ஒரு திருச்சபையையே பதிவுசெய்தார். பின்னர் அதை மூடினார்; 2023-இல் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தார். அவராவது மதம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அறிவியல் என்ற பெயரில் சொர்க்கமும் தீர்ப்பு நாளும் வரும்போது கேள்வி கேட்பவன் அறிவிலியாகிவிடுகிறான். எனக்கு அச்சம் அதில்தான்.

தத்துவமோ கணினியியலோ படித்தவர்கள் உதவுங்கள். அவனைப் புண்படுத்தாமல் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்? இது குறித்துத் தமிழில் நல்ல கட்டுரைகள் உண்டா? இப்படியொருவரை வீட்டில் கண்டவர்கள் இருந்தால், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். பொங்கலுக்கு அவன் ஊருக்கு வருகிறான்.