காகிதப் பவளம் காயும்போது கிழிகிறது, என்ன வழி?
வெளிறிய பவளத்தைக் கைக்காகிதத்தில் புடைப்புச் சிற்பமாகச் செய்கிறேன். காயும்போது கிளை நுனிகள் சுருங்கி, அடிப்பகுதியோடு சேரும் இடத்தில் கிழிந்துவிடுகின்றன.

அடிப்பகுதி பிளாஸ்டர் அச்சில் வார்த்த பருத்திக் கூழ். நுனிக்கு நெடுநேரம் அரைத்த அபாக்கா (வாழையினச் செடி) நார்க்கூழ். கடல் சூடேறி, பவளத்துக்குள் வாழும் பாசிகள் வெளியேறியதும், பவளத் திசு கண்ணாடிபோலாகி உள்ளிருக்கும் வெள்ளைச் சட்டகம் தெரியுமே, அந்தத் தோற்றம் அபாக்காவில்தான் வருகிறது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஈரத்தில் ஒட்டு உறுதியாகவே இருக்கிறது. மறுநாள் விளிம்பில் கிழிசல் தொடங்குகிறது.

மெத்தில் செல்லுலோஸ் என்னும் பசையைக் கலந்தேன். பிளாஸ்டிக் உறையால் மூடி மெதுவாக உலர்த்தினேன். பாரம் வைத்தால் புடைப்பே தட்டையாகிறது. அரைப்பதைக் குறைத்தால் சுருக்கம் குறைகிறது, ஒளி ஊடுருவுவதும் போய்விடுகிறது.

இவ்விரண்டு கூழையும் ஈரத்திலேயே சேர்த்து, கிழியாமல் உலர்த்துவது எப்படி?