கறுப்பு போன வெள்ளித் தோடு: யாராவது வழி சொல்லுங்க

தம்பி ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கிறான். போன லீவுக்கு வரும்போது அங்கிருக்கும் வெர்னிசாஜ் சந்தையில் எனக்கு ஒரு ஜோடி வெள்ளித் தோடு வாங்கி வந்தான். மாதுளம்பழ வடிவம். ஆர்மீனியர்களுக்கு மாதுளை என்றால் வளமை, அதனால் நகை, துணி, பீங்கான் எல்லாவற்றிலும் அதுதான். பழம் பிளந்தமாதிரி இருக்கும், உள்ளே குட்டிக் குட்டி முத்துகள், இடுக்கெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புதான் அழகே.

அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுப் பளபளன்னு தேய்த்து வைத்துவிட்டார்! திட்டவும் மனசு வரவில்லை.

வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கி, செதுக்கிய பள்ளத்தில் கறுப்பாக நிரப்பும் வேலை அங்கே உண்டு. வான் (Van, இப்போது துருக்கியில் இருக்கிறது) என்ற நகரத்து ஆர்மீனியத் தட்டார்கள் அதற்குப் பேர் போனவர்கள். அதுவாக இருந்தால் விபூதிக்கு இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. எனவே இது மேலே ஏற்றிய கறுப்புதான் என்று நினைக்கிறேன். பின்பக்கம் 925 முத்திரை (92.5% வெள்ளி) இருக்கிறது.

அவித்த முட்டை மஞ்சள்கருவோடு டப்பாவில் மூடி வைத்தால் கறுக்கும் என்கிறார்கள். முத்துக்கு ஏதும் ஆகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இல்லை, சென்னையில் ஆக்சிடைஸ் வேலை செய்யும் பட்டறை தெரிந்தாலும் சரி.

கூடவே ஒன்று: ஊசியாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னிய லேஸ் விரிப்பும் வந்திருக்கிறது. அதை எப்படித் துவைப்பது? அம்மா கண்ணில் இன்னும் காட்டவில்லை.