பரந்தன் ஐயாவின் படம்: எங்கிருந்து தொடங்குவது?

வன்னிக்கமரா (கிளிநொச்சி):

வணக்கம். கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுப்பது என் தொழில். இப்போது சொந்தச் செலவில் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறேன். பரந்தன் பக்கம் ஒரு கடை விறாந்தையில் இரவு தங்கும் வயதான ஐயா ஒருவரைப் பற்றியது.

முதல் வடிவத்தை எங்கள் சனசமூக நிலையத்தில் போட்டுக் காட்டினேன். விளக்குப் போட்டதும் வந்த முதல் கேள்வி, "இவருக்குப் பிள்ளைகள் இல்லையா?" அடுத்தது, "குடிப்பாரோ?" அங்கே இருந்தவர்களில் அநேகமானோர் 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் கிடந்தவர்கள். என் குடும்பமும்தான். கூடாரத்துக்குள் மழை வெள்ளம் வந்ததை இன்றும் சொல்லிச் சொல்லி ஆறமாட்டார்கள். வீடில்லாத வேதனை எங்களுக்கே விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

படத்தில் இருப்பது இதுதான். கடை திறக்கும் முன்பே ஐயா எழும்பிவிடுவார். பாயைச் சுருட்டி யூரியாப் பைக்குள் வைத்துவிட்டு, விறாந்தையை மூலை முடுக்கு விடாமல் ஈர்க்குமாற்றால் கூட்டுவார், படியில் தண்ணீர் தெளிப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கடதாசிகளை ஒரு பொலித்தீன் பையில் வைத்திருக்கிறார்: அடையாள அட்டைப் பிரதி, முகாமில் தந்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்த ஒரு காணிக் கடிதம். இரவில் அந்தப் பை தலைக்குக் கீழே இருக்கும். இவற்றுக்குப் பின்னணியில் வயலின் இசை போட்டிருக்கிறேன்.

இவர் நம்மில் ஒருவர் என்று பார்ப்பவர் உணர வேண்டும். அதற்கு எதை மாற்றலாம்?

முள்ளியவளை ரீச்சர்:

தம்பி, அந்தச் சனத்தைக் கோபிக்காதீர்கள். மெனிக் பாமில் நாங்கள் ஊரோடு இருந்தோம். தண்ணீர் வரிசையில் அயலட்டைக்காரர் நின்றார்கள். இறந்தவர்களை நினைத்து அழுவதற்கும் பக்கத்தில் ஒரு தோள் இருந்தது. உங்கள் ஐயா தனி ஆள். அவரைப் பார்க்கும்போது அவர்களுக்குத் தங்கள் பழைய நிலைமை நினைவுக்கு வருவதில்லை.

2012 செப்டெம்பரில் முகாமை மூடினார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாக வந்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் அடுத்த காசு. மேசன் பிடிப்பது, மண்ணும் சீமெந்தும் ஏற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. நானும் என் மருமகனும் சேர்ந்தே படாத பாடு பட்டோம். துணையில்லாத ஒரு வயோதிபர் எப்படிச் சமாளித்திருப்பார்? காணிப் பிரச்சினையும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அந்தக் கிழிந்த காணிக் கடிதத்துக்கு என்ன நடந்தது? 12 நிமிடத்தில் அது எவ்வளவு நேரம் வருகிறது? நான் பார்க்க விரும்புவது அதைத்தான்.

விசுவமடு–லண்டன்:

ரீச்சர் சொன்னதை வழிமொழிகிறேன். 1966 நவம்பரில் பிபிசி 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. இயக்கியவர் கென் லோச். கேத்தி என்ற பெண்ணின் கணவன் வேலையில் விபத்துக்குள்ளாகிறான், வருமானம் போகிறது, வீடு போகிறது, ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் புகையிரத நிலையத்தில் பிள்ளைகளையும் அவளிடமிருந்து பிரித்து எடுக்கிறார்கள். அவள் தெருவுக்கு வரும் நேரத்தில், பார்ப்பவர்கள் அவளுடைய கலியாணத்தையும் முதல் வீட்டையும் பார்த்திருந்தார்கள். "இவள் ஏன் இப்படி?" என்று கேட்கும் தேவையே எழவில்லை. நீங்களும் ஐயாவுக்கு வீடு இருந்த காலத்திலிருந்து தொடங்குங்கள். முற்றத்தில் என்ன மரம் நின்றது, கிணறு எந்தப் பக்கம் என்று அவரையே சொல்லவிடுங்கள்.

இன்னொன்று. 'ஷெல்டர்' என்ற வீட்டுரிமை அமைப்பு தொடங்கியது அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி. நாடகத்துக்கு முன்பே அதற்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. அதனால் பார்த்துக் கொதித்த சனத்துக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. உங்கள் திரையிடலிலும் அப்படி ஒன்று வேண்டும். காணி, அடையாள அட்டை விடயங்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

மாங்குளத்தான்:

அந்த வயலினை முதலில் எடுத்துவிடுங்கள். ஈர்க்குமாற்றுச் சத்தம் போதும்.

ஐயாவிடம் கேட்டுத்தான் எடுத்தீர்களா? முகம் தெரியலாமா, கடை தெரியலாமா? ஆங்கிலேயர் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் சட்டம், பிழைப்புக்கு வழியில்லாமல் அடுத்தவர் விறாந்தையில் அனுமதியின்றிப் படுப்பவரைக் குற்றவாளிக் கணக்கில்தான் வைத்தது. படம் ஊரெல்லாம் ஓடி, "ஏன் இங்கே படுக்கவிட்டீர்கள்?" என்று யாராவது முதலாளியைக் கேட்டால், மறுநாள் அவருக்கு அந்த விறாந்தையும் இல்லை. சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டு, வாங்குபவரின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிகிறது. நீங்கள் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வன்னிக்கமரா (கிளிநொச்சி):

அண்ணா, சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன். நேற்று மடிக்கணினியில் படத்தையும் அவருக்கே காட்டினேன். முகம் இருக்கட்டும், கடைப் பெயர்ப்பலகை வேண்டாம் என்றார். முதலாளி நல்ல மனிதர், அவருக்குத் தொல்லை வரக்கூடாதாம். தான் நித்திரை கொள்ளும் காட்சியையும் நீக்கிவிடச் சொன்னார். நீக்கிவிட்டேன்.

காணிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் அவராகவே பையை அவிழ்த்தார். வாசலில் இரண்டு மாமரம், பின்னால் கட்டுக்கிணறு, கிழக்கு எல்லையில் பனை வரிசை என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார், அந்த விறாந்தையிலேயே காணி கிடப்பதுபோல. படம் இனி அங்கேதான் தொடங்கும். வயலின் போய்விட்டது.

ரீச்சர், முள்ளியவளையில் ஒரு திரையிடல் ஒழுங்குசெய்ய முடியுமா? ப்ரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது. ஒரு வெள்ளை வேட்டியும் மின்சாரமும் கிடைத்தால் போதும். காணி விடயம் தெரிந்த ஒருவரும் வந்தால், ஐயாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறேன். வரச் சம்மதம் என்கிறார்.