தாத்தா ஸ்டோரில் பழைய ராணுவத் துப்பாக்கி மருந்து: ரீலோடுக்கு ஆகுமா?

செம்பனைக்காரன், நிபோங் தெபால்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் பழைய ஸ்டோரை ஒழித்துக்கொண்டிருந்தோம். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு இருந்தவர் அவர். பலகைக்கு அடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே மெழுகுத் தாளில் சுற்றி, சேமியா மாதிரி பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாக ஏதோ இருக்கிறது. கூடவே .303 என்ற ரைபிள் ரகத்தின் தோட்டாக் கூடுகள் கொஞ்சம், குண்டு கழற்றியவை. மூடியைத் திறந்ததும் புளித்த நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. தகரத்தின் உட்பக்கம் செந்துரு.

டெக்சஸில் இருக்கும் மச்சான் ரைபிள் தோட்டாவைத் தானே ரீலோட் செய்கிறவர், அதாவது சுட்ட கூட்டில் புது மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்குகிறவர். ராணுவத்தில் மிஞ்சிய மருந்து மலிவு, நன்றாக வேலை செய்யும் என்று முன்பு சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் காட்டுப்பன்றிக்கு லைசென்ஸ் உள்ள வேட்டைத் துப்பாக்கி (ஷாட்கன்) இருக்கிறது. அதன் தோட்டாவுக்கு இந்த மருந்து ஆகுமா? கெட்டுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய ரேஞ்ச் ஆள், கோலாலம்பூர்:
தம்பி, ஆகாது. பெட்டியை இனிமேல் தொடாதீர்கள். நீங்கள் சொல்வது கார்டைட் என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி மருந்து. பிரிட்டிஷ் .303 தோட்டாவுக்குள் அப்படித்தான் குச்சிக் கட்டாக இருக்கும்.

மச்சான் சொன்னதும் பொய் இல்லை, ஆனால் அது வேறு கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ராணுவத்தில் மிஞ்சிய 4895 என்ற மருந்தை மொத்தமாக வாங்கி, ரீலோட் செய்கிறவர்களுக்கு விற்றார். அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்டு ரைபிளில் போடும் .30-06 தோட்டாவுக்கான மருந்து அது. என்ன ரகம் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். அப்போதும் கவனம் தேவை. ராணுவ மருந்து லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு தடவை தயாரித்த தொகுதிக்கும், எரியும் வேகம் மாறும். தொழிற்சாலை ஒவ்வொரு லாட்டையும் அழுத்தம் அளந்து பார்த்துத்தான் ஒரு தோட்டாவுக்குப் போடும் மருந்தின் எடையை முடிவு செய்யும். கடையில் சின்ன டின்னில் விற்பதைக் கலந்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் பெட்டிக்கு லாட் எண்ணும் இல்லை, எங்கே எப்படி இருந்தது என்ற கணக்கும் இல்லை.

வேட்டைத் துப்பாக்கிக்கு வேகமாக எரியும் மருந்து வேண்டும், ரைபிளுக்கு மெதுவாக எரிவது. மாற்றிப் போட்டால் சரியாக எரியாமல், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு குழலிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த வெடி வைத்தால் குழல் பிளக்கும். அப்பாவின் கையும் முகமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வேதியியல் டீச்சர், பட்டர்வொர்த்:
அந்த நெடிதான் எனக்குக் கவலை. கார்டைட்டில் நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும் இருக்கின்றன. நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருந்தாலே மெல்லச் சிதையும். அப்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிதைவை இன்னும் வேகப்படுத்தும். தகரம் துருப்பிடித்ததும் கண் எரிந்ததும் அதனால்தான் இருக்கும். இதைத் தடுக்கத்தான் நிலைப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அது தீர்ந்துபோகும். நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். சூடு உள்ளேயே தேங்கினால் யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும்.

பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனா 1907லும் லிபெர்த்தே 1911லும் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்தன. இரண்டுக்கும் சிதைந்துபோன மருந்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழி எதுவும் வேண்டாம். நகர்த்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஆற்றில் கொட்டாதீர்கள், எரித்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் 999க்குக் கூப்பிடுங்கள்.

செம்பனைக்காரன்:
நன்றி டீச்சர், நன்றி அண்ணே. அப்பா பயப்படுகிறார். வீட்டில் இருந்தது என்று சொன்னால் துப்பாக்கி லைசென்ஸ் போய்விடுமோ என்று.

பழைய ரேஞ்ச் ஆள்:
பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பாவின் லைசென்ஸ் இந்த மருந்துக்குச் செல்லாது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். கண்டுபிடித்த பிறகும் வைத்திருப்பதுதான் சிக்கல். தாத்தா பெயர், அவர் பார்த்த வேலை, என்றைக்குக் கண்டீர்கள், எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லுங்கள். யார் தொட்டார்கள் என்பதையும் மறைக்காதீர்கள். கூடுகளைக்கூட எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

செம்பனைக்காரன்:
நேற்று மாலையே கூப்பிட்டேன். முதலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து வாசலில் கயிறு கட்டினார்கள். இன்று காலை வெடிகுண்டுப் பிரிவு வந்தது. அப்பாவை ஒரு மணி நேரம் விசாரித்தார்கள், அதட்டவில்லை. லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி போய்விட்டது. மச்சானும் இரவே போன் செய்து, நெடியைப் பற்றி முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். ஸ்டோர் மூலையில் பூட்டிய டிரங்கு ஒன்று இருக்கிறது, சாவி யாரிடமும் இல்லை. நாங்கள் உடைக்கவில்லை. அவர்களே நாளைக் காலை வந்து திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நாங்கள் சித்தி வீட்டில்.